ஆறு பனியன்களும் ராக்கெட்டின் வரலாறும்

ஆகஸ்ட் பிறந்தாலே எனக்கு அலுப்புத் தட்ட ஆரம்பித்துவிடும். நிலவில் நம் கலம் இறங்கிய நாளை விண்வெளி தினமாகக் கொண்டாட வேண்டும் என்று வந்ததிலிருந்து, எங்கள் பள்ளியில் அந்தக் கொண்டாட்டம் முழுக்க என் தலையில்தான் விடிகிறது. அறிவியல் டீச்சர்கள் நாங்கள் மூன்று பேர். மற்ற இருவருக்கும் சின்னக் குழந்தைகள். என் பெண் வளர்ந்து பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டாள். ஆகவே எனக்கு நேரம் கொட்டிக் கிடக்கிறது என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்துவிட்டார்கள். அதற்கு முன்பும் பிப்ரவரி மாதத்தில் அறிவியல் கண்காட்சி என்று இதே கூத்து நடந்துகொண்டுதான் இருந்தது. கூட்டிப் பார்த்தால் பதினெட்டு வருஷமாக ராக்கெட்டின் வரலாற்றைச் சார்ட் பேப்பரில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

யோசிக்கவே வேண்டாம், கை தானாக எழுதும். முதலில் சீனா. மூங்கில் குழாயில் வெடிமருந்தை அடைத்து அம்போடு கட்டி விட்டார்கள். அப்புறம் மைசூர். மூங்கிலுக்குப் பதில் இரும்புக் குழாய் வந்தது. ஆங்கிலேயப் பட்டாளம் அரண்டுபோய், பிறகு அதையே தங்கள் ஊருக்குத் தூக்கிக்கொண்டு போய்க் காப்பியடித்தது. அடுத்தது ரஷ்யாவில் காது சரியாகக் கேட்காத ஒரு பள்ளிக்கூட வாத்தியார். அவர் உட்கார்ந்த இடத்திலேயே விண்வெளிக்குப் போகிற கணக்கைப் போட்டார். எனக்கு இவர் மேல் தனிப் பிரியம் உண்டு. அமெரிக்காவில் ஒருவர் பெட்ரோலும் திரவ ஆக்சிஜனும் ஊற்றிப் பறக்கவிட்ட முதல் ராக்கெட் முட்டைக்கோஸ் தோட்டத்தில் விழுந்தது. பிறகு யுத்தம். பிறகு நிலா. நம் பங்குக்குக் கேரளக் கடற்கரையில் ஒரு தேவாலயமும், ராக்கெட்டின் மூக்கை ஏற்றிக்கொண்டு போன சைக்கிள் கேரியரும். இந்த வருஷம் நம் ஆள் ஒருவர் விண்வெளி நிலையத்துக்குப் போய்வந்ததையும் கடைசியில் ஒட்டினேன். சார்ட்டில் இடம் போதாமல் அவர் கொஞ்சம் சுவரில் இருந்தார்.

நடுவில் பிள்ளைகளுக்காக ஒரு கதையைச் செருகுவேன். சீனாவில் ஓர் அதிகாரிக்கு வானத்துக்குப் போக ஆசை வந்ததாம். நாற்காலியைச் சுற்றி நாற்பத்தேழு ராக்கெட்டுகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாராம். நாற்பத்தேழு வேலையாட்கள் தீப்பந்தத்தோடு ஓடிவந்து ஒரே நேரத்தில் பற்றவைத்தார்களாம். பெரிய சத்தம், பெரிய புகை. புகை விலகியபோது நாற்காலியையும் காணோம், அதிகாரியையும் காணோம். இது பிற்காலத்தில் யாரோ கட்டிவிட்ட கதை, ஆதாரம் கிடையாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுவேன். இருந்தாலும் வருஷா வருஷம் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும்.

இந்த வரலாற்றில் ஒரு சின்னத் துண்டு என் வீட்டிலும் இருக்கிறது. நாங்கள் புனேயில் காசார்வாடியில், பழைய ஹைவேயை ஒட்டிய சந்தில் இருக்கிறோம். தரைத்தளத்தில் லேத் பட்டறை, மேலே வீடுகள். என் கணவர் ராக்கெட்டுக்கு மருந்து கலக்கும் ஒரு பேக்டரியில் வேலை பார்க்கிறார். அது வானத்துக்குப் போகிற ராக்கெட்டா, எல்லைக்குப் போகிற ராக்கெட்டா என்று அவர் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். பொடியையும் பசை மாதிரி ஒன்றையும் பெரிய பாத்திரத்தில் போட்டு மணிக்கணக்கில் கலப்பார்கள். அல்வாப் பதம் வந்ததும் குழாயில் வார்ப்பார்கள். அது இறுகி ரப்பர் போல ஆகிவிடும். அவர்கள் பாஷையில் அதற்கு மசாலா என்று பெயர். கலக்கும்போது கிட்டத்தில் ஆள் இருக்கக் கூடாது. மண்மேட்டுக்கு அந்தப் பக்கம் வேறு அறையில் உட்கார்ந்து திரையில் பார்ப்பார்கள். ஆனால் கலந்து முடித்த பாத்திரத்தில் ஒட்டியிருப்பதைச் சுரண்டி எடுக்க மனிதன்தான் போக வேண்டும், கையில் மரக் கரண்டியோடு.

அந்த அறைக்குள் போக அத்தனை விதிகள். மோதிரம் கூடாது, அரைஞாண் கூடாது, பிளாஸ்டிக் சீப்பு கூடாது. வாசலில் பதித்திருக்கும் செப்புத் தகட்டைத் தொட்டு, உடம்பில் இருக்கும் மின்சாரத்தை இறக்கிவிட்டுப் போக வேண்டும். சின்னப் பொறி போதும், எல்லாம் முடிந்துவிடும். மேலே போடுவது பேக்டரி கொடுக்கும் பருத்தி உடுப்பு. உள்ளே போடுவது அவரவர் வீட்டுச் சொத்து. அதுவும் சுத்தக் காட்டனாக இருக்க வேண்டும். புனேயின் டிசம்பர், ஜனவரியில் காற்று அப்பளம் மாதிரி காய்ந்து கிடக்கும். ராத்திரி கம்பளியை உதறினால் படபடவென்று பொறி தெறிக்கும். என் பெண் சின்னவளாக இருந்தபோது அதை ஒரு விளையாட்டாகவே வைத்திருந்தாள். இவருக்கு மட்டும் முகம் வெளுத்துவிடும். கல்யாண வீட்டுக்குக்கூடப் பட்டு வேட்டி கட்டமாட்டார். சொந்தக்காரர்கள் கஞ்சப்பிசினாரி என்று கிண்டல் செய்வார்கள்.

அவருக்குப் பனியன் வாங்குவது என் வேலை. கழுத்தில் லேபிள் உரசினால் அவருக்கு அரிப்பு எடுக்கும். அதனால் வாங்கிவந்த அன்றே கத்தரியால் லேபிளை வெட்டி எறிந்துவிட்டுத்தான் அலமாரியில் வைப்பேன். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு ஜனவரியில், வழக்கமான கடை பூட்டியிருந்தது என்று பிம்ப்ரியில் வேறொரு கடையில் ஆறு பனியன் வாங்கினேன். உறையின் மேல் காட்டன் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. லேபிளில் பொடி எழுத்தில் வேறு என்ன இருந்தது என்று நான் படிக்கவில்லை. ஆறு லேபிளையும் வெட்டிக் குப்பையில் போட்டேன். நான் அறிவியல் டீச்சர். பலூனைத் தலைமுடியில் தேய்த்துச் சுவரில் ஒட்டவைத்து நிலைமின்சாரப் பாடம் நடத்துகிறவள். இந்த இடத்தை நினைக்கும்போதெல்லாம் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கும்.

மறுநாள் காலையில் பேக்டரியில் உடை மாற்றும் அறையில் திடீர்ச் சோதனை. மேற்பார்வையாளர் இவருடைய பனியனை விரலில் வைத்துத் தேய்த்துப் பார்த்து, இது கலப்பு, உள்ளே போகாதே என்று வெளியே நிறுத்திவிட்டார். பனியன் போடாமலும் உள்ளே போகக் கூடாது. வேறு பனியன் வரும்வரை பாத்திரம் காத்திருக்காது, மசாலா இறுகிவிடும். ஆகவே இவருக்குப் பதிலாக இன்னொருவர் சுரண்டப் போனார். அவர் எங்கள் கட்டிடத்திலேயே கீழ்வீட்டுக்காரர், வேலூர்ப் பக்கம், இவரைவிடப் பத்து வயது சின்னவர். இவரை அண்ணன் என்றும் என்னை அண்ணி என்றும் கூப்பிடுவார். எனக்கு அவர் தம்பி.

பாத்திரத்தில் பற்றிக்கொண்டது. வெடியெல்லாம் இல்லை, குப்பென்று ஒரே ஒரு தீ என்று சொன்னார்கள். கூடப் போனவர் கதவருகே நின்றதால் புருவம் கருகியதோடு தப்பித்தார். தம்பிக்கு வலது கையில் கட்டை விரலைத் தவிர மற்ற நான்கும் போயின. முகத்தில் ஒரு பாதி சுருங்கிவிட்டது. விசாரணையில் காரணம் தெரியவில்லை என்று எழுதி மூடினார்கள். என் கணவருக்கு அந்தப் பாத்திரம் கைவந்த வேலை. அவர் போயிருந்தால் பற்றியிருக்காது என்று சிலர் சொன்னார்கள். அவர் போயிருந்தாலும் பற்றியிருக்கும் என்று சிலர் சொன்னார்கள்.

அன்று மத்தியானம் வீட்டுக்கு வந்த என் கணவர் பனியனைக் கழற்றி மேஜை மேல் போட்டார்.

“இன்னாத்துக்கு லேபிள வெட்டின?” என்றார்.

அவ்வளவுதான். அந்தக் கேள்வியை அவர் மறுபடி கேட்டதே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, “யாராவது கேட்டா எனக்குத் தலைவலி, சிக் ரூம்ல படுத்திருந்தேன்னு சொல்லு” என்றார். நான் சரி என்றேன். அவர் தூங்கப் போனதும் பனியனிலிருந்து ஒரு நூலை உருவி அடுப்பில் காட்டினேன். பருத்தி என்றால் சாம்பலாகும். இது உருகி, கடுகு மாதிரி உருண்டு நின்றது.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அன்று எனக்கு வந்த முதல் உணர்ச்சி துக்கம் இல்லை. தூங்குகிற மனுஷனுடைய பத்து விரல்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன், சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷத்துக்காகத்தான் இத்தனை வருஷமாக வெட்கப்படுகிறேன், பனியனுக்காகக்கூட இல்லை.

தம்பியின் மனைவி என்னை அக்கா என்பாள். ஆஸ்பத்திரியில் அவர் கிடந்த நாளெல்லாம் நான் இரண்டு வேளையும் சாப்பாட்டு டப்பா கட்டிக்கொண்டு போனேன். அவர்கள் பையனைப் பத்தாவது வரை என் வீட்டில் உட்காரவைத்துக் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். இன்ஷ்யூரன்ஸ் பேப்பர், பென்ஷன் பேப்பர் எல்லாவற்றையும் நான்தான் நிரப்பினேன். “கூடப் பொறந்தவகூட இவ்ளோ செய்யமாட்டா அக்கா” என்று அவள் வாய் ஓயாமல் சொல்வாள். அவள் அப்படிச் சொல்லச் சொல்ல நான் இன்னும் கொஞ்சம் செய்வேன். செய்தால் அவள் இன்னும் கொஞ்சம் சொல்வாள். ஒன்பது வருஷம் இப்படியே ஓடியது. ஒரு நாள் சொல்லிவிட வேண்டும் என்று கீழே இறங்குவேன், கறிவேப்பிலை வாங்கிக்கொண்டு மேலே வருவேன்.

இந்த வருஷம் எங்கள் பிரின்சிபாலுக்குப் புது யோசனை வந்தது. சார்ட் மட்டும் போதாது, ராக்கெட்டில் நிஜமாகவே வேலை பார்த்த ஒருவரைக் கூட்டி வாருங்கள் என்றார். எங்கள் பள்ளி பாணேரில் இருக்கிறது. கண்ணாடி ஆபீஸ்களில் வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகள்தான் அதிகம். நிஜமானது என்று ஏதாவது காட்டினால்தான் அவர்களுக்குப் பிடிக்கும். நான் கணவரைக் கேட்டேன். அவர் செய்தித்தாளை இறக்காமலே, “எனக்கு இன்னா அங்க வேலை? அவனக் கூட்டிட்டுப் போ. நல்லா பேசுவான்” என்றார்.

தம்பி பேசுகிறவர்தான். ஆனால் அந்த விபத்துக்குப் பிறகு மனிதர் வெளியே போவதையே விட்டுவிட்டார். மருத்துவக் காரணம் சொல்லி முன்கூட்டியே ஓய்வு கொடுத்துவிட்டார்கள். போனால் மளிகைக் கடை, இல்லாவிட்டால் கோவில். வலது கை எப்போதும் பேண்ட் பையில் இருக்கும். வரமாட்டார் என்று நம்பித்தான் கேட்டேன். அவர் வாயைத் திறப்பதற்குள் அவர் மனைவி, “போய்ட்டு வாங்களேன். அக்கா கூடத்தான போறீங்க” என்று சொல்லி முடித்துவிட்டாள். அன்று காலை அவருக்கு வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு, ஒவ்வொரு பட்டனாகப் போட்டுவிட்டு, காலரை நீவி அனுப்பினாள்.

பள்ளியில் அவர் இந்தியில் பேசினார். ரகசியம் எதையும் சொல்லவில்லை. மாவு பிசைகிற மாதிரிதான், கொஞ்சம் தண்ணி அதிகமானால் சப்பாத்தி கெட்டுப்போகும், கொஞ்சம் மசாலா தப்பானால் ராக்கெட் கெட்டுப்போகும் என்றார். பிள்ளைகளுக்குப் பிடித்துப் போனது. கை பையிலேயே இருந்தது. அதன் பிறகு நான் சார்ட்டைக் காட்டி வழக்கம்போல வரலாற்றை ஒப்பித்தேன். நாற்காலி அதிகாரி வந்தார், புகை வந்தது, பிள்ளைகள் சிரித்தார்கள்.

ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி கை தூக்கினாள். “மிஸ், அந்த நாற்பத்தேழு பேர் என்ன ஆனார்கள்?”

எந்த நாற்பத்தேழு பேர் என்று எனக்கு உடனே புரியவில்லை.

“பற்றவைத்தார்களே, அவர்கள். தள்ளி ஓடிவிட்டார்களா?”

பதினெட்டு வருஷத்தில் யாரும் இதைக் கேட்டதில்லை. நானும் நினைத்ததில்லை. இது வெறும் கதை, நடந்ததில்லை என்றேன். கதையில் என்ன ஆனார்கள் என்றுதான் கேட்கிறேன் என்றாள் அவள், விடாமல். நான் சார்ட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதில் எல்லாம் அடைக்கப்பட்டது, ஏவப்பட்டது, செலுத்தப்பட்டது என்றுதான் எழுதியிருந்தேன். யார் அடைத்தார்கள் என்று ஒரு வரி இல்லை.

தம்பிதான் பதில் சொன்னார். “ஓடியிருப்பார்கள் கண்ணு. ஒன்றிரண்டு பேர் கொஞ்சம் மெதுவாக ஓடியிருப்பார்கள்” என்று சொல்லிவிட்டுக் கையைப் பையிலிருந்து எடுத்தார். முன்வரிசையில் ஒரு பையன் வலிக்குமா என்று கேட்டான். குளிர்காலத்தில் வலிக்கும் என்றார். பிரின்சிபால் அவசரமாக எழுந்து எல்லோரையும் கை தட்டச் சொன்னார்.

திரும்பும்போது நல்ல மழை. ரிக்‌ஷா ஔந்த் தாண்டுவதற்குள் நெரிசலில் மாட்டிக்கொண்டது. இரண்டு பக்கமும் தார்ப்பாய் இறக்கியிருந்தது. ஓட்டுகிறவருக்குத் தமிழ் தெரியாது. இதைவிட்டால் இனி ஜென்மத்துக்கும் சொல்லமாட்டேன் என்று தோன்றியது.

“தம்பி, உங்ககிட்ட ஒன்னு சொல்லணும். ஒம்பது வருஷமா சொல்லாம இருக்கேன்.”

“பனியனா அண்ணி?” என்றார்.

அவர் தார்ப்பாயின் ஓட்டை வழியாக வெளியே பார்த்துக்கொண்டே பேசினார். “எனக்குப் பக்கத்துலதான அண்ணன் சட்டையக் கழட்டினாரு. சூப்பர்வைசர் சொன்னது எனக்கும் கேட்டுது. யாரும் என்னைப் புடிச்சித் தள்ளல. நானேதான் நான் போறேன்னேன்.”

“அப்ப தலைவலின்னு நாங்க சொன்னது…”

“ஆஸ்பத்திரில அண்ணன் வந்து கட்டில் பக்கத்துல நின்னு அழுதாரு. எல்லாத்தையும் சொன்னாரு. தலைவலின்னே சொல்லிட்டு இருங்கன்னு நான்தான் சொன்னேன்.”

ஆக இவருக்குத் தெரியும், அவருக்குத் தெரியும். நான் ஒருத்திதான் முட்டாள் மாதிரி மூட்டையைச் சுமந்துகொண்டு மாடிக்கும் கீழுக்கும் ஏறி இறங்கியிருக்கிறேன். என் கணவர் மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஆனால் கோபத்துக்கு அடியில் ஒரு நிம்மதியும் இருந்தது. உடம்பே கொஞ்சம் லேசான மாதிரி இருந்தது. அந்த வேகத்தில் சொல்லிவிட்டேன்: “வீட்டுக்குப் போனதும் அவகிட்டயும் சொல்லிடறேன் தம்பி. கால்ல விழணும்னாலும் விழறேன்.”

அவர் முதல் முறையாகத் திரும்பி என்னைப் பார்த்தார். “அவளுக்குத் தெரியாது அண்ணி. சொல்லாதீங்க.”

“ஏன், மன்னிக்கமாட்டாளா?”

“மன்னிச்சுடுவா. அதான் கஷ்டம். காலைல எனக்குப் பட்டன் போடுறா, சோத்தப் பெசஞ்சு குடுக்கறா, சாயங்காலம் பட்டன் அவுக்கறா. ஒவ்வொரு தடவையும் உங்களை மன்னிக்கணும் இல்ல? இப்ப தலையெழுத்துன்னு நெனச்சிக்கிட்டு வேலையப் பாக்கறா. தலையெழுத்துகிட்ட கோவிச்சுக்க முடியாது. உங்ககிட்ட முடியும். அப்புறம் அவளுக்குன்னு ஓடிப்போய் உக்கார ஒரு வூடு இருக்காது.”

ரிக்‌ஷா ஒரு அடி நகர்ந்து மறுபடி நின்றது.

“சொன்னா உங்களுக்கு எறக்கி வெச்ச மாதிரி இருக்கும், எனக்குப் புரியுது” என்றார். “அவ எங்க கொண்டுபோய் எறக்குவா?”

அவர் கோபமாகச் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டார், அவ்வளவுதான். ஒன்பது வருஷத்தில் அந்த மனுஷன் என்னிடம் கேட்டது இது ஒன்றுதான். இல்லை என்று சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது. சரி தம்பி என்றேன். காசார்வாடி வருகிறவரை இருவரும் மழையைப் பார்த்துக்கொண்டு வந்தோம். எனக்கு அப்படியே அங்கேயே படுத்துக்கொள்ளலாம் போல அசதி.

கட்டிட வாசலில் அவர் மனைவி குடையோடு காத்துக்கொண்டிருந்தாள். நனைந்த சட்டையோடு அவரை நிற்கவிடாமல், வாசலிலேயே பட்டனை அவிழ்க்க ஆரம்பித்தாள். அவிழ்த்துக்கொண்டே, “நல்லா பேசினாராக்கா?” என்று கேட்டாள். நல்லா பேசினார், பிள்ளைகள் ரொம்ப ரசித்தார்கள் என்றேன். கையை வெளியே எடுத்தாரா என்று மெதுவாகக் கேட்டாள். எடுத்தார் என்றேன்.

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. கடைசிப் பட்டனை அப்படியே விட்டுவிட்டு வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். “நீங்க மட்டும் இல்லேன்னா நாங்க இன்னா ஆயிருப்போமோ அக்கா” என்றாள். அவள் தோளுக்குப் பின்னால் தம்பி திறந்த சட்டையோடு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் கையை உருவிக்கொள்ளவில்லை. “அதெல்லாம் ஒன்னும் இல்லம்மா” என்றேன்.